ஆமணக்கு பிரேம், மர லென்ஸ்

என் கடைக்கு வந்து நிஜக் கண்ணாடி லென்ஸ் கேட்பவர் இப்போது அபூர்வம். எல்லாம் பிளாஸ்டிக்தான். 1940-களில் அமெரிக்காவில் வந்த சி.ஆர்.39 ஆரம்பித்து வைத்த மாற்றம் இது. எடை கண்ணாடியில் பாதிதான், விழுந்தாலும் சில்லுசில்லாக நொறுங்காது. பிறப்பு மட்டும் பெட்ரோலியத்தில்.

செடியிலிருந்து செய்வது பிரேமுக்குப் பழைய கதை. கடைகளில் ‘ஷெல் பிரேம்’ என்று விற்கும் அசிடேட், பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலோ மரக்கூழிலோ தொடங்குவது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து வரும் நைலான் 11-லும் பிரேம் செய்கிறார்கள். உலகத்திலேயே ஆமணக்கு அதிகம் விளைவது நம் குஜராத்தில்! லென்ஸுக்கும் இப்போது முறை வந்திருக்கிறது. ஜப்பானின் மிட்சுயி கெமிக்கல்ஸ் நிறுவனம், மூலப்பொருளில் ஒரு பகுதியைத் தாவரத்திலிருந்து எடுத்து லென்ஸ் பிசின் தயாரிக்கிறது.

“மரத்திலேயே லென்ஸ் வருதாமே?” என்று கேட்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் செய்துகாட்டிய ஒளிபுகும் மரம் அது. மரத்துக்குப் பழுப்பு நிறம் தரும் லிக்னினை நீக்கிவிட்டு, ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த பொருளில் செய்த பிசினை அதன் நுண்துளைகளில் நிரப்பினார்கள். 1.2 மி.மீ. தகட்டில் 90 சதவீத வெளிச்சம் கடந்தது.

அதை நான் யாருக்கும் மாட்டிவிட மாட்டேன். கடந்துவந்த வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் நேராக வராமல் சிதறுகிறது. மர நாரும் பிசினும் ஒளியை ஒரே அளவுக்கு வளைத்தால்தான் தெளிவு. இரண்டுக்கும் நடுவே இம்மி இடைவெளி விட்டாலும் மங்கல்தான். ஜன்னலுக்கும் விளக்கு மூடிக்கும் அந்த மங்கல் அழகு. பஸ் போர்டு படிக்கிற கண்ணுக்கு ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லென்ஸைப் பிரேம் அளவுக்குத் தேய்க்கும் மெஷினின் தொட்டியில், ராத்திரி கடை சாத்தும்போது இட்லி மாவு போல ஈரக் குழம்பு தங்கியிருக்கும். அத்தனையும் பிளாஸ்டிக் தூள். நான் வடிகட்டித்தான் அப்புறப்படுத்துகிறேன். எல்லாக் கடையிலும் அப்படி என்று சொல்ல முடியாது. மிட்சுயியின் தாவரப் பிசின் லென்ஸைத் தேய்த்தாலும் இதே தூள்தான். செடியில் பிறந்தாலும் ஒருமுறை இறுகிவிட்டால் உருக்கவும் முடியாது, மண்ணில் மக்கவும் மக்காது.

ஆகவே, ‘கிரீன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய லென்ஸை எந்தக் கடைக்காரர் நீட்டினாலும், அதில் எத்தனை சதவீதம் செடி என்று கேளுங்கள். பவர் மாறினால், பிரேம் நன்றாக இருக்கும்வரை லென்ஸை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எனக்கு வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.