பேச்சு இருக்கும்போதே பேச வேண்டியது

மோட்டார் நியூரான் நோய் கையை, காலை, நாக்கை, கடைசியில் மூச்சுக்கான தசைகளை ஒவ்வொன்றாக முடக்குகிறது. பெரும்பாலோருக்கு நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும், கொடுமையும் அதுதான். இதில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எஸ். வகை வந்தவர்களில் பலர் அறிகுறி தொடங்கிய 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். மூச்சுத்திணறலுக்கு முகமூடிக் கருவியும் குறைந்த அளவு மார்ஃபினும் பெரும்பாலும் போதும். எதற்குமே அடங்காத திணறல் சிலருக்கு வருகிறது. அப்போது மிடசோலம் போன்ற மருந்தால் நோயாளியை உறங்க வைப்பதுதான் கடைசி வழி.

‘இது கருணைக்கொலைதானே’ என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் கொல்வதற்கான ஊசியில் மரணமே நோக்கம். இங்கே தவிப்பு அடங்கும் அளவுக்குத்தான் மருந்து, அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. 2012-ல் இத்தாலிய மருத்துவர்கள் 1,807 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். உறங்க வைக்கப்பட்ட 621 பேரின் ஆயுள் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் புற்றுநோயாளிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூச்சுத் தசை ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு மருந்தின் அளவில் இன்னும் அதிகக் கவனம் தேவை. கவனம் தேவை என்பதற்காகத் தவிக்க விட்டுவிடலாம் என்று ஆகாது.

இந்த நோயில் பேச்சு சீக்கிரமே போய்விடலாம். அதன்பிறகு, வென்டிலேட்டர் வைக்கலாமா என்ற கேள்விக்கு ஐ.சி.யூ. வாசலில் நின்று பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பாரத்தை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள். கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை இரண்டு சாட்சிகளோடு எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெறலாம் என 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. சாவைப் பற்றிப் பேசினால் நோயாளி மனம் உடைந்துபோவார் என்பார்கள். தன் மூச்சு குறைவதை அவர்தான் எல்லோருக்கும் முன்னால் உணர்கிறார். பேசாமல் இருப்பது அவரைத் தனியாக விடுவதாகும்.

இதற்கெல்லாம் வீட்டுக்கு வரும் மருத்துவமும் வேண்டும். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகிறது. அது நல்ல அடித்தளம். ஆனால் உறக்க மருந்து கொடுத்தபின் மணிக்கு மணி பார்க்க மருத்துவரும் செவிலியரும் வேண்டும். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால், காட்டூரிலிருந்து தஞ்சாவூர் சாலை வழியே திருச்சி அரசு மருத்துவமனைக்குத் தூக்கி ஓடுவதுதான் வழி என்று இருக்கக்கூடாது. அந்த வசதியை அரசு தரட்டும். வீட்டில் இந்த நோய் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம்: அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, நோயாளியையும் உடன் வைத்துக்கொண்டு, கடைசி நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.