கப்பல் கட்டும் தோரணம்

ஆண்டு விழாவுக்கு முந்தைய மாலையில் நம் பள்ளி மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்ணத் தாள்களை முக்கோணமாக வெட்டிச் சணல் கயிற்றில் ஒட்டி, வேப்பமரத்திலிருந்து மேடை வரை கட்டுவோம். சிவப்புக்கு அடுத்தது பச்சையா மஞ்சளா என்று எவரும் கவலைப்படுவதில்லை. கைக்கு வந்த தாளே அடுத்த தாள்! கடற்படைக் கப்பல்களும் விழா நாட்களில் இப்படித் தோரணம் கட்டுகின்றன. முன்முனையில் தொடங்கி, கொடிமரங்களின் உச்சியைத் தொட்டு, பின்முனை வரை இறங்கும் தோரணம் அது. ஆனால் அங்கே கைக்கு வந்ததைக் கட்டிவிட முடியாது. ஏன் தெரியுமா?

அந்தக் கொடிகள் வெறும் அலங்காரத் துணிகள் அல்ல, அவை எழுத்துகள். கப்பலுக்குக் கப்பல் பேசுவதற்கான பன்னாட்டுச் சைகைத் தொகுப்பு முதன்முதலில் 1857-இல் பிரிட்டனில் வெளியிடப்பட்டது. இன்று அத்தொகுப்பில் 26 எழுத்துக் கொடிகள், 10 எண் கொடிகள், ஒரே எழுத்து மீண்டும் வரும்போது உதவும் 3 மாற்றுக் கொடிகள், செய்தி புரிந்தது என்று காட்டும் ஒரு கொடி, ஆக 40 கொடிகள் உள்ளன. கடற்படைகள் தமக்கென்று இன்னும் சிலவற்றை வைத்திருக்கின்றன.

சிவப்பும் மஞ்சளும் குறுக்காகப் பிரிந்த ‘ஓ’ கொடி ஏறினால் ஆள் ஒருவர் கடலில் விழுந்துவிட்டார் என்று பொருள். ‘டபிள்யூ’ கொடி மருத்துவ உதவி கேட்கிறது. நீலமும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட ‘என்’ கொடியின் கீழ் ‘சி’ கொடி பறந்தால், “ஆபத்தில் இருக்கிறோம், உடனே உதவி தேவை” என்ற கூக்குரல் அது. அழகாக இருக்கிறதே என்று விழாவன்று இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கட்டினால் என்ன ஆகும்!

ஆகவே, எந்தச் செய்தியும் சொல்லாதபடி கொடிகளுக்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறார்கள். கடற்படைகளுக்கு அவரவர் வரிசை உண்டு. பிரிட்டனின் உல்லாசப் படகுகளுக்கான வரிசை ஈ, க்யூ, 3, ஜி, 8, இசட், 4 என்று தொடங்கி, நாற்பது கொடிகளையும் ஒவ்வொரு முறை பயன்படுத்தி, எல், சி, எஸ் என்று முடிகிறது. நாங்கள் அதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஏதாவது ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு மதிய இடைவேளை முழுவதும் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. ‘என்’னுக்கும் ‘சி’க்கும் நடுவே ஆறு கொடிகள் நிற்கின்றன! சதுரக் கொடிகளுக்கு இடையிடையே நுனி குறுகிய எண் கொடிகள் வருவதால் பார்வைக்கும் நன்றாக இருக்கிறது.

முற்காலத்தில் தோரணத்தில் பிற நாட்டுக் கொடிகளையும் சேர்த்துக் கட்டுவது வழக்கம். அதனால் வந்தது வம்பு. ஒரு நாட்டின் கொடி உச்சியிலும் இன்னொன்றின் கொடி தண்ணீருக்கு அருகிலும் தொங்கினால் யார்தான் பொறுப்பார்கள்? கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி இலையில் உட்கார வைத்தது போலத்தான்! இப்போது நாட்டுக் கொடிகளைத் தோரணக் கயிற்றில் கோப்பதில்லை. அவற்றின் இடம் கொடிமரத்தின் உச்சி. வேற்று நாட்டைச் சிறப்பிக்கும் நாளானால் அந்நாட்டுக் கொடிக்குப் பிரதான கொடிமரத்து உச்சியிலேயே இடம் தருகிறார்கள்.

முழுத் தோரணம் துறையிலோ நங்கூரத்திலோ நிற்கும் கப்பலுக்கே உரியது. கொடிகளின் ஓரத்தில் சிறு கொக்கிகள் உண்டு. ஒன்றோடொன்றைத் திருப்பி மாட்டினால் முடிச்சே வேண்டாம். இங்கிள்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கண்டுபிடித்தது இது. வரிசைப்படி கோத்த கயிற்றை மேல்தளத்தில் தயாராக வைத்து, காலை 8 மணிக்குக் கொடியேற்றும்போது எல்லாக் கப்பல்களிலும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். சாம்பல் நிறக் கப்பல்கள் ஒரு நொடியில் வண்ணமயமாகிவிடும்.

1953 ஜூன் 15-இல் எலிசபெத் அரசியார் முடிசூட்டை ஒட்டி ஸ்பிட்ஹெட்டில் நடந்த கடற்படை அணிவகுப்பில் நம் ‘டெல்லி’ கப்பலும் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் பம்பாயில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நம் கடற்படையைப் பார்வையிட்டார். 2006 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் அவ்வாறு பார்வையிட்டவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம்.

சூரியன் மறையும் வேளையில் தோரணம் இறங்கும். நம்மைப் போல் மறுநாள் கிழித்துப் போடுவதில்லை. கொக்கிகளைக் கழற்றி, ஒவ்வொரு கொடியையும் அதற்குரிய சிறு மாடத்தில் வைக்கிறார்கள். ‘ஓ’ கொடியை இருட்டிலும் தடவி எடுத்துவிடலாம்.