கப்பலில் வரும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும்

பயிருக்கு முக்கியமாக வேண்டிய சத்துக்கள் மூன்று என்பதை நம் விவசாயிகள் அனைவரும் அறிவர். அவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்பன. இவற்றுள் தழைச்சத்து ஆகாயத்தில் அளவின்றி நிறைந்திருக்கிறது. அவரை இனப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை இலவசமாகவே பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. தொழிற்சாலைகளும் ஆகாயத்திலிருந்தே அதனை எடுத்து யூரியாவாக்குகின்றன. மற்ற இரண்டும் அவ்வாறு உண்டாக்கத்தக்கவை அல்ல. மணிச்சத்து பாறையிலிருந்தும், சாம்பல் சத்து பூமிக்குள் படிந்த உப்புப் படுகைகளிலிருந்தும் தோண்டி எடுக்கப்பட வேண்டியவை. அப்படுகை எந்நாட்டில் அமைந்திருக்கிறதோ அந்நாட்டின் தயவு நமக்கு வேண்டியதாகிறது.

2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் நாட்டிற்கு இன்றியமையாத கனிப்பொருள்கள் முப்பதின் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். மின்சார வண்டிகளுக்கு வேண்டிய லித்தியம், யந்திரங்களுக்கு வேண்டிய டங்ஸ்டன் முதலியவற்றின் நடுவே பாஸ்பரஸும் பொட்டாஷும் அதில் இடம் பெற்றிருக்கின்றன. இவ்விரண்டும் நம் வயலுக்கு வரும் மணிச்சத்தும் சாம்பல் சத்துமேயன்றி வேறல்ல. 2025-இல் ஐக்கிய அமெரிக்காவும் தனது பட்டியலில் இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே கனிப்பொருள் கொள்கை என்பது ஆலை முதலாளிகளுக்கும் ராணுவத்துக்கும் மட்டும் உரிய விஷயம் என்று நிலச்சுவான்தார்கள் எண்ணியிருத்தல் கூடாது.

ஒரு நாட்டின் உப்பை நம்பியவர் பட்ட பாடு

முதல் உலக யுத்தத்திற்கு முன் உலகத்திற்கு வேண்டிய பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் ஜெர்மனி தேசத்து ஸ்டாஸ்பர்ட் பிரதேசத்துச் சுரங்கங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. யுத்தம் மூண்டதும் வரவு நின்றது. 1915-இல் ஜெர்மானியர் ஏற்றுமதிக்கே தடை விதித்தனர். அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய பத்து மடங்கு உயர்ந்தது. பருத்தியும் உருளைக் கிழங்கும் பயிரிட்டோர் திகைத்தனர். கலிபோர்னியாக் கடற்கரையில் கடற்பாசியை வாரிச் சுட்டுச் சாம்பலாக்கினர். நெப்ராஸ்கா நாட்டு உவர் ஏரிகளின் நீரைக் காய்ச்சினர். யுத்தம் முடிந்து மலிவான உப்பு மீண்டும் வரத் தொடங்கியதும் அவ்வேற்பாடுகளிற் பல கைவிடப்பட்டன.

எனினும் அந்நாட்டார் பாடத்தை மறக்கவில்லை. சொந்த மண்ணில் தேடுதலைத் தொடர்ந்தனர். 1925-இல் நியூ மெக்ஸிகோவில் கார்ல்ஸ்பாட் அருகே எண்ணெய்க்காகத் துளையிட்ட இடத்தில் பொட்டாஷ் படுகை தென்பட்டது. 1931 முதல் அங்கிருந்து வரவு ஆரம்பித்தது. கனடா தேசத்து ஸஸ்காட்சவான் பிரதேசத்திலும் 1940-களில் எண்ணெய் தேடியபோதே பெரும் படுகை அகப்பட்டது. இன்று பொட்டாஷ் உற்பத்தியில் உலகில் முதலிடம் கனடாவுக்கே உரியது. பஞ்சம் வந்த பின் தேடுவோன் கடற்பாசியைச் சுட நேரிடும் என்பதும், பஞ்சம் நீங்கிய பின்னும் தேடுவோனுக்கே சுரங்கம் அகப்படும் என்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் நீதி.

நமது நிலைமை

நாம் உபயோகிக்கும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. கனடா, ருஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்று தேசங்களே உலக உற்பத்தியில் பாதிக்கு மேற்பட்டதைத் தருகின்றன. பாஸ்பேட் பாறையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. உலகில் கணக்கிடப்பட்டுள்ள கையிருப்பில் சுமார் நூற்றுக்கு எழுபது பங்கு மொராக்கோவிலும் அதனை அடுத்த மேற்கு ஸஹாராவிலும் இருக்கிறது. நம் நாட்டிலும் ராஜஸ்தானத்தில் உதயபூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் 1968-இல் கண்டறியப்பட்ட நல்ல பாறை வெட்டப்பட்டு வருகிறது. ஆனால் தேவைக்கு அது போதாது.

நமது திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் ஊட்டத்தூர்ப் பிரதேசத்துக் களிமண்ணில் மணிச்சத்துள்ள கல் உருண்டைகள் இருப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். முன்னொரு யுகத்தில் கடல் மூடியிருந்த இடம் அது. ஆயினும் அவ்வுருண்டைகள் களியினிடையே சிதறிக் கிடப்பதாலும், சுண்ணாம்பும் இரும்பும் கலந்திருப்பதாலும் சூப்பர் பாஸ்பேட் செய்வதற்கு ஏற்றவையாக அமையவில்லை. 1906-இல் ராணிப்பேட்டையில் தேசத்தின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை ஏற்பட்டும், இன்றளவும் நம் பக்கத்துத் தொழிற்சாலைகள் கப்பலில் வரும் பாறையையும் பாஸ்பாரிக் திராவகத்தையும் நம்பியே நடைபெறுகின்றன.

இதன் பலனை 2021-இல் கண்கூடாகக் கண்டோம். வெளிநாட்டு விலையேற்றத்தால் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையின் அடக்க விலை 2,400 ரூபாய் வரை சென்றது. அவ்வருஷம் மே மாதத்தில் சர்க்கார் மூட்டை ஒன்றுக்குத் தந்த மான்யத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியதனாலேயே விவசாயி பழைய 1,200 ரூபாய்க்கு அதனை வாங்க முடிந்தது. அக்டோபரில் சீன தேசம் தன் பாஸ்பேட் உர ஏற்றுமதியை இறுக்கியது. அடுத்த பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் மூண்டது; பெலாரஸின் பொட்டாஷ் லிதுவேனியாத் துறைமுகம் வழியே வரும் பாதையும் அடைபட்டது. எங்கோ நடந்த யுத்தத்தின் விளைவு நம் கிராமத்து உரக்கடை வாயிலில் வரிசையாக நின்றது.

சர்க்கார் மேற்கொண்ட வழிகள்

முதலாவது வழி, ஒரே நாட்டை நம்பாமல் பல நாடுகளோடு நீண்டகால உடன்படிக்கை செய்துகொள்ளுதல். 2022 செப்டம்பரில் கனடாவிலிருந்து வருஷத்துக்கு 15 லட்சம் டன் வரை பொட்டாஷ் மூன்று வருஷங்களுக்குப் பெற ஏற்பாடாயிற்று. 2025 ஜூலையில், 2025–26 முதல் ஐந்து வருஷங்களுக்கு ஆண்டொன்றுக்கு 31 லட்சம் டன் டி.ஏ.பி. பெறும் உடன்படிக்கை சவுதி அரேபியாவோடு கையெழுத்தாயிற்று. மொராக்கோ, ஜோர்டான், செனகல் ஆகிய நாடுகளில் பாறை கிடைக்கும் இடத்திலேயே நம்மவர் பங்கு கொண்ட கூட்டுத் தொழிற்சாலைகளும் உள்ளன.

இரண்டாவது வழி, சொந்த பூமியில் தேடுதல். 2023-இல் திருத்தப்பட்ட கனிப்பொருள் சட்டத்தின்படி, பாஸ்பேட், பொட்டாஷ் உட்பட 24 கனிப்பொருள்களின் சுரங்க உரிமையை ஏலம் விடும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு உரியதாயிற்று. வருமானம் மாநிலங்களையே சேரும். ராஜஸ்தானத்தின் நாகௌர்–கங்காநகர்ப் பிரதேசத்தில் மிகுந்த ஆழத்தில் பொட்டாஷ் படுகைகள் உள்ளன. நீரைச் செலுத்திக் கரைத்து உப்பை மேலே கொணரும் முறை அங்கு இயலுமா என்று ஆராய 2021 ஜனவரியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2025 ஜனவரியில் கனிப்பொருள்களுக்கெனத் தேசிய இயக்கம் ஒன்று 16,300 கோடி ரூபாய்த் திட்டத்தோடு அங்கீகரிக்கப்பட்டது.

மூன்றாவது வழி, கழிவிலிருந்து மீட்டல். கரும்புப் பாகுக் கழிவிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சும் கழிவுநீரைச் சுண்டக் காய்ச்சி எரித்தால் வரும் சாம்பலில் நூற்றுக்கு 14.5 பங்கு பொட்டாஷ் சத்து உண்டு. 2021 அக்டோபர் முதல் இதற்கும் மான்யம் அளிக்கப்படுகிறது. நான்கு மூட்டை இச்சாம்பல், ஒரு மூட்டை மியூரியேட் ஆப் பொட்டாஷுக்கு ஏறக்குறையச் சமம். கரும்பு விவசாயி தன் நிலத்திலிருந்து ஆலைக்கு அனுப்பிய சத்தே இவ்வாறு திரும்பி வருகிறது.

கொள்கையில் ஒரு குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில் சத்து அளவையொட்டிய மான்ய முறை ஏற்பட்டபோது யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. அதனால் யூரியா விலை நிலைத்து நிற்க, மற்றவற்றின் விலை ஏறியது. தேசம் முழுவதற்கும் 4:2:1 என்ற விகிதம் ஏற்றதென்று கருதப்படுகையில், 2012–13-இல் உபயோகம் 8.2:3.2:1 என்று சாய்ந்துவிட்டது. யூரியாவை மட்டும் அள்ளி வீசிய வயல் கரும்பச்சையாகப் பொலிந்தாலும், சாம்பல் சத்தின்றித் தாள் மெலிந்து சாய்வதையும், பூச்சி நோய்க்கு எளிதில் இரையாவதையும் அனுபவசாலிகள் அறிவர்.

தோண்டும் இடத்திலும் விவசாயி உண்டு

கனிப்பொருள் நாட்டுக்கு வேண்டியதே. ஆயினும் அது கிடக்கும் இடம் பல சமயங்களில் வயலும் கண்மாயுமே. மதுரை ஜில்லா மேலூரை அடுத்த நாயக்கர்பட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமை 2024 நவம்பரில் ஏலத்தில் முடிவாயிற்று. பல்லுயிர் மரபுத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அதனுள் அடங்கியிருந்தது. சுற்று வட்டாரத்து விவசாயிகள் திரண்டு ஆட்சேபித்தனர்; டிசம்பரில் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரியில் அவ்வேலம் ரத்து செய்யப்பட்டது. இதனால் கிராம உத்தியோகஸ்தர்கள் கொள்ள வேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. ஊரின் கண்மாய், வாய்க்கால், ஓடை, புறம்போக்கு, பாசன ஆயக்கட்டு யாவும் கிராமக் கணக்கிலும் நில வரைபடத்திலும் உள்ளது உள்ளபடி பதிவாகியிருத்தல் வேண்டும். கணக்கில் காணாத கண்மாயைத் தொலைவிலிருந்து தீர்மானிப்போர் கண்ணாலும் காணார்.

நம் வீட்டுச் சுரங்கம்

சர்க்காரின் கொள்கை உரத்தைத் துறைமுகம் வரையிலும், அங்கிருந்து கடை வரையிலும் கொண்டுவரும். அதற்கு அப்பால் அதனைக் காப்பது நிலத்துக்கு உடையவனின் பொறுப்பு. இங்கேதான் நமது அஜாக்கிரதை பெரிதாயிருக்கிறது.

நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி தானியத்திற்குச் செல்வதில்லை, வைக்கோலிலேயே தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 14 முதல் 20 கிலோ வரை அச்சத்து உண்டு. ஒரு மூட்டை மியூரியேட் ஆப் பொட்டாஷில் இருப்பது 30 கிலோ. ஆகவே ஓர் ஏக்கரில் கிடைக்கும் சுமார் இரண்டு டன் வைக்கோலை யந்திரத்தால் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றும்போது, கனடாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு மூட்டையை அதனோடு சேர்த்து ஏற்றுகிறோம். வைக்கோலுக்குப் பெறும் விலையில் இம்மூட்டையின் விலையைக் கழித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

வைக்கோலை விற்றே தீர வேண்டிய அவசியம் பலருக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. விற்பவர் ஒரு பகுதியையாவது வயலில் விட்டு, மண் ஈரமாயிருக்கும்போதே மடக்கி உழுவது நலம். மாட்டுக்கு இடுவோர், மாடு தின்ற சாம்பல் சத்தின் பெரும்பங்கு மூத்திரத்தின் வழியே வெளியேறுகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தொழுவத்தில் கூளம் பரப்பி மூத்திரத்தை ஊறவிட்டு எருக்குழியில் சேர்ப்பவன் பொட்டாஷைச் சேமிக்கிறான். சாக்கடையில் ஓடவிடுபவன் அதனை இழக்கிறான். அடுப்புச் சாம்பலும் இவ்வகையதே. மழை பட்டால் சத்து கரைந்துபோகுமாதலால் அதனைக் கூரையின் கீழ் வைத்தல் அவசியம்.

மணிச்சத்திற்கு எலும்புத் தூள் பழைய நண்பன். நூற்றுக்கு இருபது பங்கு அளவில் அச்சத்து அதில் உண்டு. 1889-இல் இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட வெல்க்கர் என்ற ரஸாயன சாஸ்திரி, நம் நாட்டு எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறிப் போவதனால் மண்ணின் வளம் குறைவதை எடுத்துக் காட்டினார். எலும்பை அனுப்பிவிட்டுப் பாறையை வரவழைப்பது சிக்கனமாகாது. அது மெல்லக் கரைவதாகையால் தோப்புகளுக்கும் நீண்டகாலப் பயிர்களுக்கும் ஏற்றது.

இவை கொண்டே சாகுபடி முழுவதையும் நடத்திவிடலாம் என்று சொல்ல வரவில்லை. 2021 மே மாதத்தில் இலங்கை சர்க்கார் ரஸாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தனர். மாற்று எரு போதிய அளவு தயாராயிராமையால் நெல் விளைச்சல் குறைந்தது; நவம்பரில் தடையை நீக்க நேர்ந்தது. வீட்டு எரு கடை உரத்திற்குத் துணையாக நின்று, அதன் தேவையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமேயன்றி, ஒரே நாளில் அதன் ஸ்தானத்தை வகிக்க இயலாது.

செய்யத்தக்கவை

உரம் வாங்குமுன் மண்ணைப் பரிசோதித்துக் கொள்ளுதல் முதற் கடமை. மண்வள அட்டை 2015 பிப்ரவரி முதல் வழங்கப்பட்டு வருகிறது. வருஷந்தோறும் டி.ஏ.பி. இட்ட சில வயல்களில் மணிச்சத்து தேங்கியிருக்கவும் கூடும். அங்கே அளவைக் குறைத்தால் பணமும் மிஞ்சும், பாறையும் மிஞ்சும். மண் மாதிரியை வரப்போரத்திலும் எருக் குவித்த இடத்திலும் எடுக்காமல், வயலின் பல இடங்களில் எடுத்துக் கலந்து அனுப்புதல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள், பருவத்திற்கு முன்பே சாகுபடிப் பரப்பைச் சரியாகக் கணக்கிட்டு மேலிடத்திற்குத் தெரிவித்தால், கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு நாற்று நடும் காலத்தில் ஊர் வந்து சேரும். உண்மைக்கு மாறான கணக்கு ஓர் ஊரில் மூட்டையைத் தேங்க வைத்து, அடுத்த ஊரில் பயிரை வாட்டும். உரத்தோடு வேண்டாத பண்டத்தையும் வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினால் அதனை விவசாய இலாகாவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வசதியுள்ள நிலச்சுவான்தார்கள் பஞ்சத்திற்கு அஞ்சி மூட்டைகளை அடுக்கி வைக்காதிருப்பது, பக்கத்துக் குத்தகைதாரனுக்குச் செய்யும் பேருதவியாகும்.

பாறையும் உப்புப் படுகையும் ஒரு முறை வெட்டினால் மீண்டும் வளர்வன அல்ல. அவற்றை நாட்டுக்குத் தேடித் தருதல் சர்க்காரின் கடமை. வயலுக்கு வந்த சத்தை வயலை விட்டுப் போகாமற் காத்தல் நம் கடமை. அடுத்த அறுவடையில் வைக்கோலைப் பேரம் பேசுமுன், அதனுள் இருக்கும் பொட்டாஷ் மூட்டையையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்போமாக.