சரிவு, வீழ்ச்சி, மந்தம்: எதை எங்கே எழுதுவது?

எஸ்.பி.எம். கட்டுரையில் பொருளாதாரம் பற்றி எழுதினால் பலரும் ‘வீழ்ச்சி’ என்ற ஒரே சொல்லையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இணைச்சொற்கள் உண்டு, ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

சரிவு: படிப்படியாக இறங்குவது. ‘ஏற்றுமதி சரிவு கண்டது.’

வீழ்ச்சி: சட்டென விழுவது. 1997 நடுவில் டாலருக்குச் சுமார் 2.50 ரிங்கிட், 1998 ஜனவரியில் 4 ரிங்கிட்டைத் தாண்டியது. இது வீழ்ச்சி.

தேக்கம்: நகராமல் நிற்பது. ‘சரக்கு தேங்கிப் போச்சு.’

நலிவு: தொழிலோ குடும்பமோ மெலிந்துபோவது.

மந்தம்: ஓட்டம் குறைவது. ‘வயிறு மந்தமா இருக்கு’ என்கிறோமே, அதே பொருள்தான். பினாங்கு லிட்டில் இந்தியா கடைக்காரர் ‘யாவாரம் மந்தம்’, ‘டல்லா இருக்கு’ என்பார். ‘வீழ்ச்சி’ என்று சொல்லமாட்டார். பாட வழக்கில், நாட்டின் உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் பொதுவாக அதை ‘மந்தநிலை’ என்கிறோம்.

பணவீக்கம் இந்தக் கூட்டத்தில் சேராது. அது விலைவாசி ஏறுவது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

இப்போது பயன்படுத்திப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் பெருமந்தம். அதனால் ரப்பர் விலை வீழ்ச்சி. அதனால் தோட்டத்தொழில் நலிவு. மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மூன்றுக்கும் ‘வீழ்ச்சி’ என்றே எழுதினால் காரணம் எது, விளைவு எது என்பது மறைந்துவிடும். நம் மக்கள் ஏன் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதும் புரியாது.

எழுதுமுன் கேளுங்கள்: இறங்கியதா, விழுந்ததா, நின்றதா, மெலிந்ததா, மெதுவானதா? விடைக்கேற்ற சொல்லைப் போடுங்கள்.