உமதா, நமதா, எமதா?

மத்தியூ கசோவிட்ஸ் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1995ஆம் ஆண்டிலே 'லா ஏன்', அஃதாவது 'வெறுப்பு', என்றொரு கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தை ஆக்கினார். கான் திரைப்பட விழாவிற் சிறந்த இயக்குநருக்கான பரிசை அவருக்கு ஈட்டிய படம் அது. பாரிஸ் மாநகரின் வறிய புறநகர்க் குடியிருப்பொன்றில் வாழும் மூன்று இளைஞரின் ஒருநாட் கதை. வின்ஸ் யூதன், சயீத் வட ஆபிரிக்க அரபுக் குடும்பத்தவன், ஊபேர் கறுப்பினத்தவன். பொலிஸ் காவலில் அடியுண்ட அவர்தந் தோழன் வைத்தியசாலையிற் கிடக்கிறான். அதனால் மூண்ட கலவரத்திலே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் தொலைத்த கைத்துப்பாக்கி வின்ஸின் கையில் அகப்படுகின்றது. தோழன் இறப்பின் பொலிசாரில் ஒருவரைக் கொல்வேன் என அவன் சூளுரைக்கின்றான். 1993இற் பாரிஸ் நகரப் பொலிஸ் நிலையமொன்றில், விசாரணையின்போது, 17 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டமையே இக்கதைக்குக் கரு.

கதையினும் என்னைப் பெரிதும் ஈர்த்தது ஓரெழுத்து. நகையாதீர்கள், இலக்கணங் கற்பிப்பவனுக்கு வேறென்ன கண்ணிற்படும்? பாரிஸ் வீதியில் ஒரு விளம்பரப் பலகை: உலகவுருண்டையின் படமும், 'உலகம் உமது' என்னும் பொருளுடைய வாசகமும். சயீத் அங்கே சென்று, 'வூ' என்னும் பிரெஞ்சு முன்னிலைச் சொல்லின் முதலெழுத்தைச் சாயத்தால் மாற்றி, 'நூ' என்னுந் தன்மைச் சொல்லாக்கிவிடுகின்றான். தமிழிலும் முதலெழுத்தொன்றே மாறும். ஆனால் எவ்வாறு மாறும்? நமது என்றா, எமது என்றா? பிரெஞ்சு மொழி இவ்வேறுபாட்டை அறியாது. தமிழோ அறியாது விடாது. நமது எனின், பலகையை நாட்டியவனும் அதனைக் கடந்து செல்லுங் கனவானும் பொலிசாரும் உளப்படுவர். எமது எனின், அவரெல்லாரும் புறத்தே நிற்பர்.

படத்தின் வசைமொழி வகுப்பறைக்கு ஏற்றதன்று. ஆதலின் கதையைச் சொல்லி, இவ்வொரு வாசகத்தை மட்டும் மேல்வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்பாகக் கொடுத்தேன். 'எமது' என்றே பெரும்பாலோர் எழுதினர். அதற்கு நியாயமும் உண்டு. தொலைக்காட்சியினர் காரைவிட்டு இறங்காமலே வினவ, இதென்ன விலங்குகளைப் பார்க்கும் இடமா என்று ஊபேர் சினக்கின்றான். ஓவியக்கூடமொன்றிலிருந்து மூவரும் வெளியேற்றப்படுகின்றனர். பொலிஸ் நிலையத்திலோ சயீதும் ஊபேரும் வதைக்கப்படுகின்றனர். இத்தகையோர் பிறரை ஏன் உளப்படுத்தவேண்டும்?

யான் 'நமது' என்பேன். சயீத் வெறுஞ்சுவரிலே தன் வாசகத்தை எழுதினானல்லன். பிறர் எழுதிய வாசகத்துட் புகுந்து, அதனைத் திருத்தினான். தனக்குப் பங்கில்லாத வாக்கியத்தை எவன் திருத்துவான்?

அக்காலப் பிரதமர் அலன் யூப்பே தம் அமைச்சர்க்கும் இப்படத்தைக் காட்டுவித்தார். 10 ஆண்டுகளின் பின், 2005இல், கிளிஷி-சூ-புவா என்னும் புறநகரிலே, பொலிசாருக்கு அஞ்சி மின்நிலையத்துட் புகுந்த இரு சிறுவர் மின்தாக்கி மாண்டனர். பிரான்சின் புறநகர்கள் பலவற்றில் ஏறத்தாழ மூன்று வாரங் கலவரம் நிகழ்ந்தது. இச்செய்தியை எடுத்துக்காட்டி, 'எமது' என்பதே சரியென்று மாணவரிருவர் இன்னும் என்னோடு வழக்காடுகின்றனர்.