மடிப்பா, மருவா?

2002இலும் 2007இலும் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தமது அதிகாரத்தைச் சில மணி நேரம் துணை அதிபர் டிக் செனியிடம் ஒப்படைத்தார். இரண்டு முறையும் காரணம் கொலோனோஸ்கோப்பி. மயக்க மருந்து கொடுத்து, ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலை நேரில் பார்க்கும் பரிசோதனை அது. 2010 பிப்ரவரியில் பராக் ஒபாமாவுக்குப் பெருங்குடலைச் சிடி ஸ்கேனிலேயே பார்த்துவிட்டார்கள். மயக்க மருந்து தேவைப்படவில்லை; அதிகாரமும் கைமாறவில்லை.

விர்ச்சுவல் கொலோனோஸ்கோப்பி என்ற இந்த முறைக்கு 1990களின் முதல் பாதியில் வழி திறந்தவர் அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் டேவிட் வைனிங். இதற்கும் முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்தாக வேண்டும். மெல்லிய குழாய் வழியாகக் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் குடலை விரியச் செய்கிறார்கள். மல்லாந்து படுக்க வைத்து ஒரு ஸ்கேன், குப்புறப் படுக்க வைத்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள் மூச்சை அடக்கினால் போதும்.

தேடுவது பாலிப்பை. குடலின் உட்சுவரில் மருப்போல முளைக்கும் சிறு வளர்ச்சி அது. பெரும்பாலானவற்றால் தொல்லையில்லை. சில மட்டும் மெல்ல மெல்ல, பெரும்பாலும் பத்தாண்டு அளவில், புற்றுநோயாக மாறுகின்றன. அந்த இடைவெளியில் கண்டுபிடித்து அகற்றினால் நோயே வராமல் தடுக்கலாம். 2022இல் உலகில் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். பத்தாண்டு அவகாசம் தரும் ஒரு நோய்க்கு இத்தனை உயிர்களைப் பறிகொடுப்பது பெரும் கொடுமை.

ஸ்கேன் எடுப்பது எளிது, படிப்பதுதான் கடினம். ஒருவரின் ஸ்கேனில் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் இருக்கும். ஒன்றரை மீட்டர் நீளக் குடலில் வளைவுக்கு வளைவு மடிப்புகள். மடிப்பின் பின்புறம் ஒட்டியிருக்கும் 7 மில்லிமீட்டர் பாலிப் கண்ணில் படாமல் போக அரை விநாடி கவனச் சிதறல் போதும். பரிசோதனைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய பாலிப் எதுவும் இருப்பதில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே பார்த்து வரும் கண் சோர்ந்துபோவது இயல்பு.

கணினியின் துணை தேவைப்பட்டது இந்த இடத்தில்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி யோஷிடாவும், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரொனால்ட் சம்மர்ஸும் இதில் முன்னோடிகள். குடல்சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு எந்தத் திசையில் எவ்வளவு என்று கணினி அளக்கிறது. மடிப்பு, வயல் வரப்பைப்போல ஒரு பக்கம் மட்டும் வளைந்து நீளும். பாலிப்போ எல்லாப் பக்கமும் வளைந்து குமிழாக நிற்கும். உருவம் பொருந்தினால் கணினி அங்கே ஒரு குறி வைக்கும். சம்மர்ஸ் குழு சுமார் 1,200 பேரின் ஸ்கேன்களைக் கொண்டு இதைப் பயிற்றுவித்துச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டது. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள, புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்களில் பத்துக்கு ஒன்பது வரை கணினியிடம் சிக்கின. கூடவே ஆளுக்குச் சராசரியாக இரண்டு பொய்க் குறிகளும் விழுந்தன.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள வால்வு, காற்றைச் செலுத்திய குழாயின் நுனி, ஒட்டிக்கிடக்கும் மலத்துணுக்கு எல்லாமே கணினிக்குப் பாலிப்பாகத் தெரியலாம். உண்மையைப் பிரிப்பது மருத்துவரின் வேலை. மல்லாந்த படத்தில் ஓரிடத்திலும் குப்புறப் படுத்த படத்தில் வேறிடத்திலும் இருந்தால் அது பெரும்பாலும் மலம். உள்ளே காற்றுக் குமிழிகள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தாலும் மலமே. பாலிப் இடம் மாறாது. மாறுவதுபோல் தோன்றினால் அதற்குத் தண்டு இருக்கும், அல்லது குடலே திரும்பியிருக்கும். முதலில் மருத்துவர் தாமே முழுவதும் படித்துவிட்டு, அதன் பிறகே கணினியின் குறிகளைத் திறந்து பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் ஆய்வுகளில் வேறொன்றும் தெரியவந்தது: கணினி சரியாகக் காட்டிய பாலிப்பையே, பொய்க் குறி என்று மருத்துவர்கள் ஒதுக்கிவிட்டதுண்டு.

இப்போது கொலோனோஸ்கோப்பி நடக்கும்போதே திரையில் பாலிப்பைக் கட்டம் போட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. சீனாவின் செங்டு நகரில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், அடினோமா வகைப் பாலிப் கண்டறியப்பட்டோர் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 29 ஆக உயர்ந்தது. போலந்திலிருந்து 2025இல் வந்த செய்தியோ கவலை தருகிறது. இந்தத் துணைக்குப் பழகிய மருத்துவர்கள் அது இல்லாமல் பார்த்தபோது, அவர்களது கண்டறியும் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்திருந்தது. கருவியை வாங்கும் மருத்துவமனைகள் விலையோடு இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஸ்கேனால் பாலிப்பைக் காட்டத்தான் முடியும், வெட்டியெடுக்க முடியாது. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ளது தென்பட்டால் கொலோனோஸ்கோப்பிக்குப் போயே ஆக வேண்டும். 6 முதல் 9 வரை என்றால் அதைச் செய்வதா, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுப்பதா என்று மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவெடுக்கிறார்கள். இரண்டாவது முறை பேதி மருந்து குடிக்கும் அவதி வேண்டாமென்று, சில மருத்துவமனைகளில் ஸ்கேனை உடனே படித்து, அன்றைக்கே கொலோனோஸ்கோப்பியும் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.