பொறுத்துக்கொள்ளச் சொன்னது போதும்

விடியற்காலை நான்கரை மணிக்கு ஸ்கூடாயில் பேருந்து ஏறினால்தான், பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் என் மேசைக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். அங்கே நாள் முழுதும் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. மாலையில் மறுபடியும் நெரிசல். ஜொகூர் பாருவில் என்னைப் போல ஆயிரக்கணக்கானோருக்கு இதுதான் வாழ்க்கை. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்தை உட்கார்ந்தே கழிக்கிறேன் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பிசியோதெரபி பார்க்கும் ஓர் அக்காதான் எண்ண வைத்தார்.

நான் அவரிடம் போனது முதுகுவலிக்காக. அவரோ முதுகைத் தொடுவதற்கு முன்பே, "மாதவிடாய் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார்.

"அது வர்றப்போ வரும்க்கா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியாக வந்தது எப்போது என்று விரல்விட்டு எண்ணச் சொன்னார். நான்கு மாதம் ஆகியிருந்தது.

"முதல்ல டாக்டரைப் பாருங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார்.

பெரிய பாட்டியின் கதை

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, எனக்குப் 'பி.சி.ஓ.எஸ்.' என்றார் மருத்துவர். நம் மக்கள் 'சினைப்பை நீர்க்கட்டி' என்று சொல்வது இதைத்தான். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றார் அம்மா. பாட்டி மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகத் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார்.

இருவரும் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தப் பெரிய பாட்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருமாம். குழந்தை இல்லை. கணவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். கடைசிவரை 'ராசி இல்லாதவள்' என்ற பேரோடுதான் வாழ்ந்தார். "எங்க காலத்துல இதெல்லாம் இல்லேன்னு சொல்வாங்க. இருந்துச்சுடி. பேருதான் தெரியல" என்றார் பாட்டி.

அன்றைக்குத்தான் இதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கட்டி அல்ல, முதிராத முட்டைப் பைகள்

'நீர்க்கட்டி' என்ற பெயரே நம்மைப் பயமுறுத்துகிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். குழந்தைப்பேறு வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை உண்டு. கருத்தரிப்பது தாமதமாகலாம். ஆனால், பி.சி.ஓ.எஸ். இருந்தாலே குழந்தை பிறக்காது என்பது உண்மையல்ல.

பலருக்கு இதன் அடியில் இருப்பது இன்சுலின் சிக்கல். உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் தன்மை ஹார்மோன்களை அதிகமாக்குகிறது. முட்டை முதிர்வது தடைபடுகிறது. முகத்தில் ரோமம், பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் இதன் தொடர்ச்சியே. மலேசியாவில் நீரிழிவு அதிகமுள்ள சமூகம் நம்முடையது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சி எங்கே உதவுகிறது? தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பார்க்காமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அதனால் கணையத்தின் சுமை குறைகிறது. எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இந்தப் பலன் கிடைக்கும். தராசைப் பார்த்து நான் சோர்ந்துபோன நாள்களில், அந்த அக்கா எனக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பி.சி.ஓ.எஸ்.ஸுக்கான அனைத்துலக வழிகாட்டி 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான பயிற்சி, அதோடு அடுத்தடுத்து வராத இரண்டு நாள்களில் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று அது பரிந்துரைக்கிறது. இன்ன பயிற்சிதான் உயர்ந்தது என்று அது சொல்லவில்லை. தொடர்ந்து செய்யக்கூடியதே நல்ல பயிற்சி.

எனக்கு அமைந்தது இதுதான்: மதிய உணவு நேரத்தில் இருபது நிமிட வேக நடை, இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிப் பத்து நிமிட நடை, வாரத்தில் இரு இரவுகள் வீட்டில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குவது. ஜிம் கட்டணம் ஒரு வெள்ளிகூட இல்லை. மருத்துவர் தந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. எட்டு மாதம் கழித்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தது நாற்பது நாளுக்கு ஒருமுறை என்றானது. முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால், என் உடம்பு என் கைக்கு வந்தது போல இருந்தது.

தங்கைக்கு நடந்தது வேறு

என் தங்கை அப்போது எஸ்.பி.எம். எழுதவிருந்தாள். அவளுக்கு மாதவிடாய் தேதி தவறாது. ஆனால், மாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். சுருண்டு படுத்து வாந்தி எடுப்பாள். "எல்லாப் பொண்ணுக்கும் உள்ளதுதானே, பொறுத்துக்கோ" என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

சாதாரண மாதவிடாய் வலிக்குக் காரணம், கருப்பை உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின். அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. இந்த வலிக்கு உடற்பயிற்சி நல்ல மருந்து. 2019-இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 854 பெண்கள் பங்கேற்ற 12 ஆய்வுகளை அலசியது. வாரம் மூன்று முறை, 45 முதல் 60 நிமிடம் பயிற்சி செய்தால் வலி கணிசமாகக் குறையக்கூடும் என்றது. அது ஓட்டமாகவும் இருக்கலாம், யோகாவாகவும் இருக்கலாம். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் வெறும் கைவைத்தியம் அல்ல. பலன் உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

அந்த அக்கா தங்கைக்குச் சில எளிய பயிற்சிகளைக் கற்றுத் தந்தார். வயிறு உப்பும்படி மூச்சை மெல்ல இழுத்து விடுவது. மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி குனிந்து படுப்பது. கை, முழங்கால் ஊன்றிப் பூனைபோல முதுகை வளைத்து நிமிர்த்துவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. எங்களை வெளியே அனுப்பாமல், உள் பரிசோதனை எதுவும் செய்யாமல், கேள்விகளாலும் மேலோட்டமான பரிசோதனையாலும் மட்டுமே அவளைப் பார்த்தார். "உள்ளே பார்க்கணும்னா நீங்க சம்மதிச்சாத்தான். வேணாம்னு எப்பவும் சொல்லலாம்" என்று அவளிடமே சொன்னார்.

மூன்று மாதம் தங்கை ஒழுங்காகச் செய்தாள். வலி குறையவில்லை. மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அக்கா அன்றே பயிற்சியை நிறுத்தினார். "இது என் வேலை இல்ல. பெண்கள் நோய் மருத்துவர் பார்க்கணும்" என்று கடிதம் எழுதித் தந்தார்.

ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அறிகுறிகளை வைத்து, எண்டோமெட்ரியோசிஸ் ஆக இருக்கலாம் என்றார் மருத்துவர். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கவே பல பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. காரணம், எல்லாரும் 'பொறுத்துக்கோ' என்று சொல்வதுதான்.

மருத்துவர் எழுதித் தந்தது ஹார்மோன் மாத்திரை. வீட்டில் புயல். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?" என்றார் அப்பா. இங்கே அது வலிக்கான மருந்து என்று மருத்துவர் விளக்கியும் அவர் மனம் ஒப்பவில்லை. கடைசியில் பாட்டிதான், "எங்க அக்காளுக்குப் பேசாம இருந்தோம். இவளுக்கும் பேசாம இருக்கணுமா?" என்று கேட்டார். அப்பா அடுத்த நாள் காலையில் மருந்தகத்துக்குப் போனார். தங்கை எஸ்.பி.எம். தேர்வை ஒரு நாளும் விடாமல் எழுதினாள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் வராமலிருந்தால், 21 நாளுக்குள் அல்லது 35 நாளுக்கு மேல் தொடர்ந்து வந்தால், அணையாடையை மணிக்கொருமுறை மாற்றும் அளவு போனால், வலியால் பள்ளியோ வேலையோ தடைபட்டால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேனை மட்டும் வைத்துப் பி.சி.ஓ.எஸ். என்று முடிவு கட்டக்கூடாது என்பதும் அந்த 2023 வழிகாட்டி சொல்வதுதான்.

இடுப்புத் தளத் தசையை இறுக்கும் கேகல் பயிற்சியைக் காணொளி பார்த்துத் தானாகத் தொடங்க வேண்டாம். வலியுள்ள சிலருக்கு அந்தத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கும். அவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. அதேபோல், சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினால் மாதவிடாய் நின்றே போகலாம்.

மாதவிடாய் நாள்களில் நடக்கக்கூடாது, குனியக்கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. முடிந்தால் செய்யலாம், அசதியாக இருந்தால் ஓய்வெடுக்கலாம்.

2025 சனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அதனால் அரசாங்க வேலை பார்க்கும் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு. சனிக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் ஹுத்தான் பண்டார் பூங்காவில் நடக்கிறோம். இப்போது அம்மாதான் எங்கள் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறார். போன வாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல்சூட்டைப் பற்றி முதன்முதலாக எங்களிடம் பேசினார்.